நின்றுகொண்டே பார்த்த நாற்காலிகள்

கதவு நிலையில்கூடச் சாயக் கூடாதாம்.

சுவரில் சாயாதே என்றால் புரிகிறது. பட்டுத் துணி ஒட்டிய சுவர். எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்தது. என் தலையின் தேங்காயெண்ணெய் அதில் பட்டால் அமெரிக்க வரலாற்றுக்கு நஷ்டம். சரி. ஆனால் கதவு நிலை? கனத்த மரம். நூறு வருஷத்துக்கு மேலாக ஆளுயரக் கதவைத் தாங்கி நிற்கிறது. என்னைத் தாங்காதா? போன வாரம் ஹட்சன் ஆற்றங்கரை மாளிகை ஒன்றில் (எது என்று சொல்ல மாட்டேன்) என் மகள் வயதுப் பெண் ஒருத்தி, சட்டையில் பெயர்ப் பட்டை குத்திக்கொண்டு, அத்தனை கனிவாக, "சார், தயவுசெய்து சாய வேண்டாம்" என்றாள். கூட வந்த கும்பல் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அதில் என் மனைவியும் உண்டு. தானும் அந்தக் கும்பலில் ஒருத்தி, என்னை யாரென்றே தெரியாது என்பதுபோல் பார்த்தாள்.

இதை எழுதும்போது வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை ஊறவைத்திருக்கிறேன். ஆகவே நடுநிலையான கட்டுரையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

திட்டம் மகளுடையது. "நீங்க ரெண்டு பேரும் தனியா எங்கயாவது போயிருக்கீங்களாப்பா?" என்றாள். போயிருக்கிறோமே, காஸ்ட்கோவுக்கு, வாராவாரம். அதெல்லாம் கணக்கில் வராதாம். கோடை விடுமுறை என்றால் வைன் தோட்டம், பழைய மாளிகை, ஆற்றோரம் நடை என்று ஒரு பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். நாங்கள் இருக்கும் எடிசனிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஹட்சன் பள்ளத்தாக்கு. அமெரிக்காவின் பழைய பணக்காரர்கள் வரிசையாக வீடு கட்டிவைத்த இடம். இடையிடையே திராட்சைத் தோட்டம். டிக்கியில் புளியோதரை, தயிர்சாதம், ஒரு பை நிறைய முறுக்கு. கிளம்பிவிட்டோம்.

வைனைப் பற்றி எனக்கு ஒரு முக்கியமான கருத்து இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அதற்கு முன் நாற்காலிகளைப் பற்றிக் கொஞ்சம்.

பழைய மாளிகை என்பது நாற்காலிகள் வசிக்கும் இடம். மனிதர்கள் செத்துப்போனார்கள், வாரிசுகள் வரி கட்ட முடியாமல் ஓடிப்போனார்கள், நாற்காலிகள் மட்டும் நிலைத்துவிட்டன. நுழைந்ததும் கூடத்தில் சுவரோரமாக முதுகு நிமிர்ந்த மர நாற்காலிகள். அவை காத்திருப்பவர்களுக்காம். நானும் காத்திருப்பவன்தான், அடுத்த சுற்று தொடங்க இருபது நிமிடம் இருந்தது, ஆனால் நான் 1890-களிலிருந்து காத்திருக்கவில்லையாதலால் எனக்கு இல்லை. வரவேற்பறையில் தங்கப்பூச்சு நாற்காலி. அதன் இரு கைகளுக்கும் குறுக்கே ஒரு முறுக்குக் கயிறு. நூலகத்தில் தோல் நாற்காலி, ஆளை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும் ரகம். அதற்கும் கயிறு. சாப்பாட்டு அறையில் நீண்ட மேஜையைச் சுற்றி வரிசையாக நாற்காலிகள், எதிரில் தட்டு, கிண்ணம், கண்ணாடி எல்லாம் தயார், இதோ விருந்தாளிகள் வந்துவிடுவார்கள் என்பதுபோல. யாரும் வர மாட்டார்கள். வந்தவர்கள் நாங்கள்தான், எங்களுக்கு இடம் இல்லை.

படுக்கையறைக்குப் போனால் கட்டிலோரம் ஒரு குட்டி நாற்காலி, அம்மணி காலுறை மாட்டிக்கொள்ள. எழுதுமேஜைக்கு முன்னால் ஒன்று, கடிதம் எழுத. கண்ணாடிக்கு முன்னால் ஒன்று, தலை வார. கணப்புக்கு எதிரே இரண்டு, புருஷனும் பெண்டாட்டியும் பேசாமல் உட்கார்ந்திருக்க. ஜன்னலோரம் ஒன்று, எதற்கும் இல்லாமல் சும்மா. ஒரு பெண்மணி ஒரு நாளில் இத்தனை இடத்தில் உட்கார்ந்து எழுந்தால் மூட்டு என்ன ஆவது? எங்கள் எடிசன் வீட்டில் படுக்கையறையில் இருப்பது ஒரே நாற்காலி. அதிலும் மடிக்காத துணிதான் உட்கார்ந்திருக்கிறது.

கயிறுகூடப் பரவாயில்லை. சில வீடுகளில் இருக்கையின் நடுவில் காய்ந்த பைன் கூம்பு ஒன்றை வைத்துவிடுகிறார்கள். செதில் செதிலாக விரிந்து, முனையெல்லாம் கூராக, உள்ளங்கை அளவு. பார்ப்பதற்கு அலங்காரம். அறிவிப்புப் பலகை இல்லை, தடுப்பு இல்லை, கண்டிப்பு இல்லை. உட்காரு, தாராளமாக உட்காரு, உன் இஷ்டம் என்கிறது அந்தக் கூம்பு. இத்தனை நாசூக்கான மிரட்டலை நான் இதற்குமுன் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கடிதங்களில்தான் கண்டிருக்கிறேன்.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனால் தூணைக் கட்டிப்பிடித்துக் கை எட்டுகிறதா என்று பார்த்து வளர்ந்த பரம்பரை நாம். களைத்தால் தூணடியில் உட்காருவோம். இங்கே தூணுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே ஒருவர் தொண்டையைக் கனைக்கிறார்.

அதைவிட எரிச்சல், இந்த நாற்காலிகளில் அந்தக் காலத்திலும் யாரும் அதிகம் உட்காரவில்லை என்பது. ஹைட் பார்க்கில் இருக்கும் வாண்டர்பில்ட் மாளிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1896-இல் தொடங்கி 1899-இல் முடித்த வீடு. 54 அறைகள். குடியிருந்தது ஃபிரெடெரிக் வாண்டர்பில்ட்டும் அவர் மனைவி லூயிஸும். குழந்தை இல்லை. இரண்டே பேர். அவர்களும் வசந்தத்தில் சில வாரம், இலையுதிர் காலத்தில் சில வாரம் வந்து தங்குவார்களாம். மற்ற நாளெல்லாம் வேறு வீடுகளில், அங்கேயும் நாற்காலிகள் காத்திருந்திருக்கும். லூயிஸின் படுக்கையறையில் கட்டிலைச் சுற்றி இடுப்பளவுக்கு ஒரு கைப்பிடி வேலி. பிரெஞ்சு ராணிகளின் அறையைப் பார்த்துச் செய்ததாம். ராணி கண் விழிப்பதைப் பார்க்கப் பிரபுக்கள் கூடுவார்கள், அவர்களை அந்தப் பக்கமே நிறுத்த வேலி. ஹைட் பார்க்கில் லூயிஸ் கண் விழிப்பதைப் பார்க்க யார் கூடினார்கள்? இப்போதுதான் கூடுகிறோம், டிக்கெட் எடுத்து.

"இவ்ளோ பெரிய வீட்ட யாருங்க பெருக்குவா?" என்று என் மனைவி காதைக் கடித்தாள். நீங்களும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். நானும் மனதுக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், கூடவே கரண்டு பில்லும்.

1938-இல் ஃபிரெடெரிக் இறந்ததும் சொத்து மனைவி வழி மருமகளுக்குப் போனது. விற்கப் பார்த்தாள், வாங்க ஆளில்லை. கடைசியில் அதே ஊர்க்காரரான ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சொல்லி, 1940-இல் அரசாங்கத்திடம் வந்துசேர்ந்தது. இதே ஆற்றின் கீழ்ப்பக்கம் பாஸ்கோபெல் என்று இன்னொரு மாளிகை. 1950-களில் அதை இடித்துத் தள்ளுபவருக்கு 35 டாலருக்கு விற்றார்கள். அப்புறம் ஊர்க்காரர்கள் பதறிப்போய் மீட்டு, பிரித்து, வடக்கே கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். முப்பத்தைந்து டாலர்! ஒரு மாளிகைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் எடுத்த டிக்கெட் காசில் அன்றைக்கு ஒரு மாளிகையையே வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் உட்கார்ந்திருக்கலாம்.

ரூஸ்வெல்ட் வீடும் ஹைட் பார்க்கில்தான். அங்கே மட்டும் நான் கால்வலியை மறந்து நின்றேன். 1921-இல், 39 வயதில், இளம்பிள்ளைவாதம் வந்து கால்கள் போனவர். சாதாரணச் சக்கர நாற்காலி அகலமாக, நோயாளித்தனமாக இருக்கிறதென்று, கையில்லாத சாதாரண நாற்காலியின் அடியில் சக்கரம் பூட்டிக்கொண்டார். மாடிக்குப் போக, பெட்டி படுக்கை ஏற்றும் கைக்கயிற்று லிஃப்டுக்குள் அந்த நாற்காலியோடு நுழைந்து, தானே கயிற்றை இழுத்து மேலே போவார். இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒரு மனிதர் உண்மையாக உட்கார்ந்திருந்த நாற்காலி அதுதான் என்று எனக்குத் தோன்றியது. சின்னது. எளிமையானது. பக்கத்தில் தங்கப்பூச்சு எதுவும் இல்லை.

என் மனைவி நின்ற இடம் வேறு. சாப்பாட்டு அறை. மேஜையின் ஒரு தலைமாட்டில் ரூஸ்வெல்ட். எதிர்த் தலைமாட்டில் அவர் அம்மா சாரா. மனைவி எலினோர்? நடுவில் எங்கே காலியோ அங்கே. வீடு கடைசிவரை மாமியார் பேரில். வழிகாட்டி இதைச் சொன்னதும் கும்பலில் இருந்த பெண்களிடமிருந்து ஒரே நேரத்தில் ஒரு ஒலி எழுந்தது. நாடு, மொழி, நிறம் கடந்த ஒலி. "பாத்தீங்களா? ஜனாதிபதி பொண்டாட்டிக்கே இதான் கதி" என்றாள் என் மனைவி. பதினெட்டு வருடத்துக்கு முன் என் அம்மா எங்களோடு வந்து ஆறு மாதம் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் மோசமாகியிருக்கும்.

எலினோர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பெரிய வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் வால்-கில் என்ற இடத்தில், ஓடைக்கரையில், தோழிகளோடு தனக்கென்று ஒரு குடில் கட்டிக்கொண்டார். கட்டியதோடு நில்லாமல், 1920-களின் கடைசியில் அங்கே ஒரு பட்டறையும் தொடங்கினார். என்ன பட்டறை தெரியுமா? மரச்சாமான் பட்டறை. மாமியார் மேஜையில் நிரந்தர நாற்காலி கிடைக்காத மருமகள், சொந்தமாக நாற்காலியே செய்து விற்றார். அதற்குமேல் பதில் என்ன வேண்டும்?

இந்த இடத்தில் நான் கிளம்பியிருப்பேன். ஆனால் டிக்கெட்டில் தோட்டமும் சேர்த்தி. ரோஜாத் தோட்டம், அதில் ரூஸ்வெல்ட் தம்பதியின் சமாதி, அப்புறம் நூலகம், அப்புறம் நினைவுப் பொருள் கடை. கொடுத்த காசுக்குப் பார்க்காமல் வந்தால் ராத்திரி தூக்கம் வருமா?

சரி, வைன். மதுவிலக்கை 1933-இல் எடுத்தது ரூஸ்வெல்ட் காலத்தில்தான் என்பதால் மாளிகைக்கும் வைனுக்கும் உறவு விட்டுப்போகவில்லை. 1839-இலிருந்து நடக்கும் பிரதர்ஹூட் என்ற வைன் ஆலை இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1920-இல் மதுவிலக்கு வந்தபோது மற்றவர்கள் பலர் கடையைச் சாத்த, இவர்கள் தேவாலயப் பூசைக்கு வைன் செய்து தாக்குப்பிடித்தார்கள். அந்தப் பதின்மூன்று வருடமும் நாட்டில் பக்தி கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

நாங்கள் ருசி பார்க்கப் போனது வேறு இடத்தில். ருசி பார்ப்பது என்றால் அங்கேயும் நின்றுகொண்டுதான். இடுப்பளவு மேடை, அந்தப் பக்கம் தாடி வைத்த ஒரு பையன், இந்தப் பக்கம் நாங்கள். என் மனைவி வைன் குடிக்க மாட்டாள். நான் குடிப்பேன், ஆனால் காரை நான்தான் ஓட்ட வேண்டும். இந்த நிலையில் இருவரும் காசு கட்டி ருசி பார்க்க நின்றோம். மகள் ஏற்கெனவே ஆன்லைனில் கட்டிவிட்டாள், திருப்பித் தர மாட்டார்களாம். சேவால் பிளாங்க் என்று ஒன்று, பாகோ நுவார் என்று ஒன்று. இரண்டும் பிரெஞ்சுக் கொடியையும் அமெரிக்கக் கொடியையும் கலந்து எடுத்த ரகம், இங்கத்துக் குளிருக்கும் பூச்சிக்கும் தாங்கும் என்றான். "ஈரக் கல், பழைய தோல், கொஞ்சம் புகையிலை. தெரிகிறதா?" என்று கேட்டான். மனைவி முகர்ந்து பார்த்து, ரொம்ப மரியாதையாகத் தலையாட்டி, என்னிடம் தமிழில், "நாலு நாள் முன்னாடி அரைச்ச தோசை மாவு" என்றாள். அவன் சந்தோஷமாக, என்ன சொன்னார்கள் என்று கேட்டான். ஈரக் கல் என்று சொன்னேன்.

நான் சொல்லவந்த அந்த முக்கியமான கருத்து இங்கேதான் வர வேண்டும். ஆனால் அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் நாற்காலிகளைப் பார்த்தேன். கயிறு இல்லை. கூம்பு இல்லை. ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்! கோப்பையை வைத்துவிட்டு ஓடினேன்.

அடிரோண்டாக் நாற்காலி என்பார்கள். இதே நியூயார்க் மாநிலத்தில் 1903-இல் தாமஸ் லீ என்பவர் தன் கோடை வீட்டுக்காகச் செய்தது. பலகைகளால் ஆனது, அகலமான கை, இருக்கை பின்பக்கம் பள்ளமாகச் சரிந்து போகும். உட்கார்வது சுகம். அப்படியே உள்ளே போய்விடுவோம். முழங்கால் மார்புக்கு வந்துவிடும். எழுந்திருப்பதைப் பற்றி லீ யோசித்ததாகத் தெரியவில்லை; அவருக்கு எழுந்திருக்க அவசரம் இருந்திருக்காது. எனக்கு இருந்தது, ஐந்து மணிக்குக் கடைசி மாளிகைச் சுற்று. முன்னால் சாய்ந்தேன், வரவில்லை. பக்கவாட்டில் உருண்டேன், அதிலும் பலிக்கவில்லை. "ஏங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். கடைசியில் அந்தத் தாடிப் பையன் ஒரு கையையும் என் மனைவி இன்னொரு கையையும் பிடித்து இழுத்தார்கள். அந்த உதவிக்குப் பிறகு ஒன்றும் வாங்காமல் வர முடியுமா? வாங்கினோம். அந்தப் பாட்டில்கள் இப்போது சமையலறை அலமாரியில் நல்லெண்ணெய்க்குப் பின்னால் இருக்கின்றன, அடுத்த மாதம் கும்பகோணத்திலிருந்து மாமனார் வரும்வரை. அப்புறம் கார் ஷெட்டுக்குப் போகும்.

மகளுக்கு ரொம்ப சந்தோஷம். அடுத்த கோடைக்கு ரோட் தீவு, நியூபோர்ட் என்று இப்போதே பட்டியல் அனுப்பிவிட்டாள். அங்கே வாண்டர்பில்ட் குடும்பத்தில் இன்னொருவர் கட்டிய பிரேக்கர்ஸ், 70 அறை. அவர் தம்பி கட்டியது மார்பிள் ஹவுஸ், 1892-இல் முடிந்தது. ஆன 11 மில்லியன் டாலர் செலவில் 7 மில்லியன் சலவைக்கல்லுக்கே போயிற்றாம். என் மனைவி படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, "எவ்ளோ அழகா இருக்குல்ல தரை?" என்கிறாள். சலவைக்கல் தரை. அதன்மேல் இரண்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து அழகைப் பற்றிப் பேசட்டும்.