குண்டுகுழிச் சாலைகளும் டயர் அளவு இலக்கணமும்: ஓர் ஆராய்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டுக் கார் உரிமையாளர்களிடையே டயர் அளவு பற்றி நிலவும் கருத்து வேறுபாடுகள், சமய வாதங்களுக்கு இணையான வீரியமும் அவற்றைவிடக் குறைந்த சான்றுகளும் உடையவை. குண்டுகுழியில் காரைக் காப்பது டயரின் அகலமும் அன்று, ரிம்மின் பளபளப்பும் அன்று; ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நிற்கும் பக்கச்சுவரே என்று இக்கட்டுரை நிறுவுகிறது. அந்தச் சுவரை நாம் கூடுதல் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்கிறோம் என்பது இதன் துணைக் கண்டுபிடிப்பு.

1. ரப்பர்வெட்டு: பாடமும் உரையும்

கல்வெட்டைப் படிக்க மைப்படி எடுக்க வேண்டும். டயர் எழுத்தைப் படிக்கக் குனிந்தால் போதும். ஆயினும் நம்மவர் பலர் அதை முதன்முறையாகப் படிப்பது பஞ்சர் கடை ஸ்டூலில் காத்திருக்கும் வேளையில்தான். நமது மூலபாடம் வருமாறு: 185/65 ஆர்15 88எச்.

உரை: 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது மில்லிமீட்டர் அன்று, விழுக்காடு. அகலத்தில் 65 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம், அதாவது 120 மி.மீ. ஆர் என்பது ரேடியல் கட்டுமானம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும் என்ற உறுதிமொழி. சென்னை வேளச்சேரி வாசிகளுக்கு இது வெறும் இலக்கியச் சுவை. ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றும் கலந்திருப்பதால் மூலபாடத்தில் இடைச்செருகல் உண்டோ என்று ஐயுற வேண்டியதில்லை. உலகம் முழுவதும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

2. வரலாற்றுப் பின்புலம்

காற்றடைத்த டயருக்கு 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்றார், உலகம் கவனிக்கவில்லை. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் அதையே மீண்டும் கண்டுபிடித்தார், உலகம் கவனித்தது. 1946இல் பிரான்சின் மிஷ்லின் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. அதே 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார்; அந்த நிறுவனமே பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் ஆனது. காற்றை ரப்பருக்குள் அடைக்கும் கலையைத் தமிழகம் குழந்தைகளிடமிருந்தே தொடங்கியது என்பது இதனால் பெறப்படும்.

3. சாலைத் திணைகள்

சாலையை எண்ணால் வகைப்படுத்துவது அரசின் மரபு. ஓட்டுகிறவருக்கு உதவுவது திணை மரபே.

குழித்திணை: பெரும்பொழுது ஐப்பசியும் கார்த்திகையும். சிறுபொழுது தெருவிளக்கு எரியாத யாமம். கருப்பொருள் தேங்கிய மழைநீரும் அதனுள் மறைந்திருக்கும் தார் விளிம்பும். உரிப்பொருள் இரங்கல்.

மேட்டுத்திணை: வேகத்தடை சார்ந்தது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த இலக்கணப்படி வேகத்தடை 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டாக, 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டிருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். இரவோடு இரவாக ஊரார் எழுப்பும் மேடுகள் புறனடையில் அடங்கும். உரிப்பொருள் ‘அடி தட்டிருச்சா?’ என்னும் வினா.

தோண்டல் திணை: நேற்றுப் போட்ட தாரை இன்று குடிநீருக்கும் நாளை கேபிளுக்கும் வெட்டி, மண் தள்ளி மூடிய நிலம். உரிப்பொருள் ஊடல், துறைகளுக்கிடையே.

சரளைத்திணை: குலதெய்வக் கோயிலுக்குப் போகும் கடைசிச் சில கிலோமீட்டர். உரிப்பொருள் இருத்தல்; பஞ்சராகி, ஸ்டெப்னியிலும் காற்றில்லாமல்.

4. முந்தையோர் கொள்கைகளும் மறுப்பும்

*அகலவாதம்.* ‘பட்டையா போட்டா கிரிப்பு சார்’ என்பது இப்பள்ளியின் மூலச் சூத்திரம். காரின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்று. ஆட்களுடன் 1300 கிலோ நிற்கும் காரில் ஒரு சக்கரத்துக்கு 325 கிலோ. காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்றால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 140 சதுர செ.மீ., விரித்த கை அளவு. டயரை அகலமாக்கிக் காற்றை அதே அளவில் வைத்தால் இந்தப் பரப்பு அதிகம் கூடுவதில்லை. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது, அவ்வளவே. ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், மைலேஜ் கொஞ்சம் குறையும். ‘கெத்து’ என்னும் பயன் மட்டும் மறுப்புக்கு அப்பாற்பட்டது.

*ஒருபடி ஏற்றவாதம்.* 185/65 இருந்த இடத்தில் 195/65 போட்டால் கார் ‘நல்லா தூக்கிக்கும்’ என்பது இவர்கள் கொள்கை. கணக்கிட்டோம். சக்கரத்தின் விட்டம் 621.5 மி.மீட்டரிலிருந்து 634.5 ஆகிறது; கார் உயர்வது 6.5 மி.மீ. முப்பது செ.மீ. நீளமுள்ள ஆழமான குழியில் பழைய சக்கரம் 38.6 மி.மீ. இறங்கும், புதியது 37.7. ஆதாயம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதே குழியில் பழைய ஆல்ட்டோவின் 145/80 ஆர்12 சக்கரம் 46 மி.மீ. இறங்கும், மஹிந்திரா தார் வண்டியின் 255/65 ஆர்18 சுமார் 30தான் இறங்கும். ஆகவே பெரிய சக்கரம் குழியை மதிப்பதில்லை என்பது மெய். ஆனால் அந்த அளவு பெரியதாக வேண்டுமென்றால் டயரை அல்ல, காரை மாற்ற வேண்டும். மேலும் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் 102இல் போகும். இப்பள்ளியாருக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒரே வெற்றி, பக்கச்சுவரும் 6.5 மி.மீ. வளர்கிறது என்பதே.

*அலாய்வாதம்.* ‘17 இன்ச் போட்டா வண்டியே வேற மாதிரி இருக்கும்.’ உண்மை. 205/45 ஆர்17 போட்டால் சுவர் 92 மி.மீட்டராகச் சுருங்கும். முதல் கார்த்திகைக்குப் பிறகு ரிம்மும் வேறு மாதிரி இருக்கும்.

5. தலைகீழ் விதி

இனி நமது கண்டுபிடிப்பு. ஸ்விஃப்ட்டின் மலிவான வகைகளில் வருவது 165/80 ஆர்14. விலை கூடிய வகைகளில் 185/65 ஆர்15. ஐ20இன் உச்ச வகையில் 195/55 ஆர்16. இம்மூன்றின் மொத்த விட்டத்தையும் கணக்கிட்டால் 619.6, 621.5, 620.9 மி.மீ. வருகிறது, வேறுபாடு 2 மி.மீட்டருக்குள். சக்கரம் வளரவே இல்லை. உள்ளே இரும்பும் அலுமினியமும் வளர, ரப்பர் தேய்ந்திருக்கிறது. சுவரின் உயரம் 132, 120, 107. ஓர் அங்குலக் காப்பு காணாமல் போயிருக்கிறது. அதற்கு நாமே பணம் கட்டியிருக்கிறோம். ஆகவே விதி: விலை ஏற ஏறச் சுவர் இறங்கும்.

இதன் விளைவு குழியின் விளிம்பில் தெரியும். சுவர் குட்டையானால், விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே அது நசுங்கி உள்ளிருக்கும் இழைகள் அறுபடும். மறுநாள் காலை டயரின் பக்கத்தில் ஒரு வீக்கம் தோன்றும். பஞ்சர் கடையில் அதற்குத் தீர்ப்பு ஒன்றே: ‘இதுக்கு ஒட்டுப் போட முடியாது சார், மாத்திடுங்க.’ அடியின் மிச்சத்தை வாங்கும் ரிம் இரும்பாக இருந்தால் வளையும், தட்டி நிமிர்த்தலாம். அலாயாக இருந்தால் வெடிப்பு விடவும் கூடும்.

எதிர்த்தரப்புக்கும் இடம் தருவோம். குட்டைச் சுவர் வளைவில் குறைவாகவே மடியும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். பெரிய ரிம்முக்குள் பெரிய பிரேக் டிஸ்க் அடங்கும். வழவழப்பான சாலையில் வாழ்கிறவர்கள் இவற்றைத் தாராளமாக அனுபவிக்கலாம். அவர்களுடைய முகவரி கிடைத்தால் நாமும் குடிபெயர ஆவல்.

6. காற்றதிகாரம்

‘எவ்ளோ சார் வைக்கணும்?’ ‘நார்மல் வைப்பா.’ பெட்ரோல் பங்க்கில் அன்றாடம் நிகழும் இவ்வுரையாடலில் வரும் ‘நார்மல்’ என்னும் அளவை இயற்பியல் அறியாது. காற்று குறைந்தால் சுவர் இருக்கும் உயரத்தையும் இழக்கும். வேகமாக ஓடும்போது மடிந்து மடிந்து சூடேறும். கூடினால் ஒவ்வொரு ஜல்லியும் முதுகெலும்பில் கையொப்பமிடும். ‘ரோடு மோசம், கொஞ்சம் காத்தை இறக்கு’ என்பது மணலில் மெல்ல ஊர்கிறவர்களுக்கான வித்தை. கூர்விளிம்புக் குழியில் அதுவே ரிம்முக்கு வைக்கும் வேட்டு.

7. தீர்ப்பும் பரிந்துரையும்

நான்கு திணைகளிலும் ஓடும் காருக்கு ஏற்றது, அதே கார் வகைக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளில் சிறிய ரிம்மும் உயர்ந்த சுவரும் கொண்டதே. ரிம்மைக் குறைப்பதற்கு முன் அது உங்கள் பிரேக் மேல் உட்காருமா என்று பார்க்க வேண்டும். வேறு அளவுக்கு மாறினால் மொத்த விட்டம் 3 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. சுமைக் குறியீடும் வேக எழுத்தும் பழையதைவிடக் குறையக் கூடாது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் எங்கும் உரசக் கூடாது. காற்றளவு ஓட்டுநர் கதவுப் பக்கம் ஸ்டிக்கரில் அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அதன்படி நிரப்புக.

அடுத்த முறை டயர் கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள். அகலத்தை விட்டுவிடுங்கள், சுவரை அளந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.