மேஜிக் சீட்டுக் கடையில் போட்ட பணம்

2008ஆம் வருடம் அக்டோபர் கடைசி நாள். அமெரிக்க வங்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்த வேளை. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் யாரோ, பிட்காயின் என்ற மின்னணுக் காசைப் பற்றி ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை இணையத்தில் போட்டுவிட்டுப் போனார். ஆணா, பெண்ணா, ஓர் ஆளா, ஒரு கும்பலா என்பது இன்றுவரை மர்மம். கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்: வங்கிக்காரனை நம்பாதே, நடுவில் நிற்கும் எவனையும் நம்பாதே, கணக்கை மட்டும் நம்பு. கேட்கக் குளுகுளுவென்று இருந்தது. கணினி படித்த பிள்ளைகள் கைதட்டினார்கள். தட்டி முடித்த கையோடு, யாரையும் நம்பத் தேவையில்லாத அந்தக் காசைக் கொண்டுபோய், முகமே பார்த்திராத ஓர் ஆளிடம் கொடுத்துவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

கொடுத்துவைத்த இடத்தின் பெயர் மவுண்ட் காக்ஸ். சுவிட்சர்லாந்தில் பனி மூடிய சிகரத்தின் அடிவாரத்தில் இருக்கும் பரம்பரை வங்கி என்று நினைக்கத் தோன்றும். மலையும் கிடையாது, வங்கியும் கிடையாது. ‘மேஜிக்: தி கேதரிங்’ என்று ஒரு சீட்டு விளையாட்டு உண்டு, பூதம், டிராகன், மந்திரவாதி படமெல்லாம் போட்ட சீட்டு. அதை ஆன்லைனில் வாங்கி விற்க ஒரு தளம் நடத்தலாம் என்று ஜெட் மெக்காலெப் என்ற அமெரிக்கர் 2007ல் ஓர் இணைய முகவரியைப் பிடித்துவைத்திருந்தார். ‘மேஜிக் தி கேதரிங் ஆன்லைன் எக்ஸ்சேஞ்ச்’ என்பதைச் சுருக்கினால் வருவதுதான் அந்த மலை. சீட்டு வியாபாரம் போணியாகவில்லை. சும்மா கிடந்த முகவரியில் 2010 ஜூலையில் பிட்காயின் சந்தையைத் திறந்தார். அன்றைக்கே ஒரு புண்ணியவான் பெயர்க்காரணம் விசாரித்திருக்கலாம்.

கூட்டம் சேரச் சேர மெக்காலெபுக்கு வேர்த்தது. 2011 மார்ச்சில் கடையைக் கைமாற்றிவிட்டார். வாங்கியவர் மார்க் கார்பெலஸ். பிரான்ஸில் பிறந்து, ஜப்பான் மோகத்தில் டோக்கியோவில் குடியேறிய 25 வயது புரோகிராமர். இணையத்தில் அவருடைய பெயர் ‘மேஜிக்கல் டக்ஸ்’. அவருடைய கம்பெனியின் பெயர் திபான். அது அவர் வளர்த்த பூனையின் பெயர். பாலுக்குக் காவல், பூனைக்குத் தோழன் என்பார்கள் நம் ஊரில். இங்கே பூனை பெயர்ப்பலகையிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது, வாடிக்கையாளர்கள் அதையும் ரசித்தார்கள். கடை கைமாறும்போதே கையிருப்பில் சுமார் 80,000 பிட்காயின் காணவில்லை என்பது பல வருடம் கழித்து வெளியான மின்னஞ்சல்களில் தெரிந்தது. வாங்கியவர் அலறவில்லை. விற்றவரும் அலறவில்லை. கணக்கில் மட்டும் அது சமர்த்தாக இருந்துகொண்டே இருந்தது.

இங்கே ஒரு சூட்சுமத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. பிட்காயினின் பொதுப் பேரேடு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது, ஒருமுறை எழுதியதை யாராலும் அழிக்க முடியாது. அது உண்மை. ஆனால் சந்தையில் நீங்கள் ‘பத்து காயின் வாங்கினேன்’ என்று மார்தட்டும்போது அந்தப் பேரேட்டில் உங்கள் பெயரில் ஒன்றும் ஏறுவதில்லை. சந்தைக்காரர் தன் சொந்தக் கணினியில், தன் சொந்தப் பட்டியலில், உங்கள் பெயருக்கு எதிரே பத்து என்று எழுதிக்கொள்கிறார். காயினைத் திறக்கும் ரகசிய எண்ணான சாவி அவர் கையில். அந்தப் பட்டியலை அவர் அழிக்கலாம், திருத்தலாம், பூஜ்யம் சேர்க்கலாம். பொதுப் பேரேட்டின் கற்பு பற்றி மேடை போட்டுப் பேசியவர்கள், இந்தப் பட்டியலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

2011 ஜூன் 19. தணிக்கையாளர் ஒருவரின் கடவுச்சொல் எவன் கையிலோ சிக்கியது. அவன் உள்ளே புகுந்து, இல்லாத காயின்களைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, அத்தனையையும் ஒரே மூச்சில் விற்றான். 17 டாலரில் இருந்த விலை சில நிமிடங்களில் ஒரு சென்ட்டுக்கு வந்தது. ஏன் இப்படித் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான் என்று கேட்காதீர்கள், பயல் கெட்டிக்காரன். நாளொன்றுக்கு 1,000 டாலர் மதிப்புக்கு மேல் வெளியே எடுக்கக் கூடாது என்பது கடை விதி. விலை ஒரு சென்ட் ஆகிவிட்டால் 1,000 டாலருக்கு ஒரு லட்சம் காயின்! விதி எழுதியவர் டாலரில் எழுதினாரே தவிர, விலை விழும் என்று யோசிக்கவில்லை. இந்தக் களேபரத்தில் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் மூவாயிரம் டாலருக்கும் குறைவாகக் கொடுத்து இரண்டரை லட்சம் காயினுக்கு மேல் வாங்கிவிட்டார். உலகத்திலேயே அதிர்ஷ்டசாலியாகச் சில மணி நேரம் வாழ்ந்தார். பிறகு கார்பெலஸ் அந்தக் களேபரத்தில் நடந்த பரிவர்த்தனைகளை எல்லாம் ரத்து செய்தார். அழிக்கவே முடியாத பணத்தின் முதல் பெரிய சந்தையில் நடந்து முடிந்த வியாபாரமே அழிக்கப்பட்டது. அதற்கும் கைதட்டினார்கள்.

கடையைத் தூக்கி நிறுத்த ஜெஸ்ஸி பவல் என்ற வாடிக்கையாளர் டோக்கியோவில் வந்து இறங்கினார், சம்பளம் இல்லாமல். சந்தை மூடிக் கிடக்கிறது, உலகம் முழுக்க ஆட்கள் கத்துகிறார்கள், முதலாளி சனி ஞாயிறு லீவு எடுத்துக்கொண்டார் என்று பவல் பிற்பாடு பத்திரிகைகளிடம் நொந்துகொண்டார். பார்த்த காட்சியில் தெளிந்து ஊருக்குப் போய், கிராக்கன் என்று சொந்தமாகவே ஒரு சந்தையைத் திறந்தார். இந்தப் பெயரை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் கிளப்பியவர்களின் வாயை அடைக்கக் கார்பெலஸ் ஒரு வித்தை செய்தார். கையில் காசு இருக்கிறது என்று நிரூபிக்க, முன்கூட்டியே சொல்லிவிட்டு 4,24,242 பிட்காயினை ஒரே அடியாக ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திக் காட்டினார். 42 என்பது ஓர் ஆங்கில விண்வெளி நகைச்சுவை நாவலில் பிரபஞ்சத்தின் எல்லாக் கேள்விக்கும் விடையாக வரும் எண். வாடிக்கையாளரின் பணத்தை வைத்து வாத்தியார் ஜோக் அடிக்கிறார், பக்தர்கள் புல்லரிக்கிறார்கள். எவ்வளவு இருக்கிறது என்று காட்டினார், சரி. எவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்பதையும் காட்டச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை. 2011 அக்டோபரில் நிரலில் ஒரு பிழை காரணமாக 2,609 பிட்காயின் யாராலும் எந்தக் காலத்திலும் திறக்க முடியாத இடத்துக்கு அனுப்பப்பட்டது. திருடன்கூட எடுக்க முடியாது. மவுண்ட் காக்ஸ் வரலாற்றில் முழுப் பாதுகாப்போடு வைக்கப்பட்ட ஒரே தொகை அதுதான்.

நிஜத் திருடன் இந்த ஆர்ப்பாட்டம் எதிலும் கலந்துகொள்ளவில்லை. 2011 செப்டம்பரிலேயே உள்ளே வந்தவன், 2014 வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே இருந்தான்; மொத்தம் சுமார் 6,47,000 காயின் என்று அமெரிக்க நீதித்துறை 2023ல் இரண்டு ரஷ்யர்கள்மேல் குற்றம் சாட்டியிருக்கிறது. இதில் உச்சகட்டம் ஒன்று உண்டு. திருடன் காசை நகர்த்தியபோது மவுண்ட் காக்ஸின் மென்பொருள் அதில் ஒரு பகுதியை, யாரோ டெபாசிட் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, வேறு வாடிக்கையாளர்களின் கணக்கில் வரவு வைத்ததாம். தோண்டித் துருவியவர்கள் சொல்கிறார்கள். கிடைத்தவர்கள் யாரும் புகார் கொடுக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

2013 முடிவில் பிட்காயின் 1,000 டாலரைத் தாண்டியது. பொருளாதாரப் புரட்சி, தங்கத்தின் சாவு, இன்னும் என்னென்னவோ எழுதினார்கள். டெக்சாஸிலோ டில்லியிலோ யாரோ வாங்குகிறார்கள், நாமும் வாங்குவோம் என்று பாய்ந்தார்கள். வாங்கியவர்களில் ஒரு பெரிய கை, மவுண்ட் காக்ஸின் உள்ளேயே ஓடிக்கொண்டிருந்த ஒரு புரோகிராம். கண்டுபிடித்தவர்கள் அதற்கு ‘வில்லி’ என்று பெயர் வைத்தார்கள். ஓய்வு ஒழிச்சல் இல்லாமல், இல்லாத டாலரைக் கொண்டு இருந்த காயினை வாங்கிக்கொண்டே இருந்தது. அதை இயக்கியது தாம்தான் என்று கார்பெலஸே 2017ல் நீதிமன்றத்தில் சொன்னார். 150 டாலரிலிருந்து 1,000 டாலர் வரை விலை ஏறியதற்கு இப்படிப்பட்ட சந்தேகத்துக்குரிய கொள்முதலே காரணமாக இருக்கக்கூடும் என்று பொருளாதார ஆய்வாளர்கள் 2018ல் கட்டுரை எழுதினார்கள். ‘சந்தை பேசுகிறது’ என்று டி.வி.யில் விளக்கம் சொன்ன நிபுணர்கள், பேசியது வில்லி என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. விலை ஏறுவதையே மதிப்புக்கு ஆதாரமாகக் காட்டும் எந்த முதலீட்டையும் பார்த்தால் எனக்கு வில்லிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இந்தச் சமயத்தில் முதலாளி எதில் மும்முரமாக இருந்தார்? டோக்கியோவின் ஷிபுயா பகுதியில், ஆபீஸ் கட்டடத்திலேயே ஒரு பிட்காயின் கஃபே திறக்கும் வேலையில். என்ன நாற்காலி போடலாம், என்ன பலகாரம் வைக்கலாம், பில் போடும் இயந்திரத்தில் பிட்காயினை எப்படி வாங்கலாம்!

2014 பிப்ரவரி முதல் வாரம் ‘பணம் எடுப்பது தற்காலிக நிறுத்தம்’ என்று பலகை மாட்டினார்கள். நம் நிதி நிறுவன வாசல்களில் மாட்டும் அதே பலகை, ஆங்கிலத்தில். லண்டனிலிருந்து ஒருவர் விமானம் ஏறி வந்து, ‘எங்கள் பணம் எங்கே?’ என்ற அட்டையோடு குளிரில் வாசலில் நின்றார். எல்லைகளே இல்லாத பணத்தைத் திரும்பக் கேட்க பாஸ்போர்ட், விமானம், குடை எல்லாம் தேவைப்பட்டது. பிப்ரவரி 28 அன்று கார்பெலஸ் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, ஜப்பானிய வழக்கப்படி இடுப்பு வளைத்துக் கும்பிட்டு, திவால் என்றார். வாடிக்கையாளர் காயின் 7.5 லட்சம், கடையின் காயின் 1 லட்சம், ஆக 8.5 லட்சம் அம்பேல்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை, ‘2 லட்சம் கிடைத்துவிட்டது’ என்றார்கள். பரணில் கிடந்த தீபாவளிச் சட்டையை உதறும்போது பையிலிருந்து பத்து ரூபாய் விழுமே, அந்தக் கணக்கில், காயின் வைக்கும் பழைய மின்னணுப் பணப்பை ஒன்றை உதறியபோது விழுந்ததாம். அன்றைய விலையில் அது 10 கோடி டாலருக்கு மேல்.

ஜப்பான் போலீஸ் 2015ல் கார்பெலஸைக் கைது செய்து ஏறக்குறைய ஒரு வருடம் உள்ளே வைத்தது. 2019ல் தீர்ப்பு: பணத்தைக் கையாடினார் என்ற குற்றச்சாட்டு தள்ளுபடி, கணக்கைத் திருத்தினார் என்பது நிரூபணம், இரண்டரை வருட சிறை, அதுவும் நிறுத்திவைப்பு. திருட்டுக் காயின் போய்ச் சேர்ந்த பிடிசி-ஈ என்ற சந்தையை நடத்திய அலெக்சாண்டர் வின்னிக் 2017ல் கிரேக்கத்தில் விடுமுறையில் இருந்தபோது பிடிபட்டார். பிரான்ஸ் சிறை, அமெரிக்கச் சிறை எல்லாம் பார்த்தவரை, 2025 பிப்ரவரியில் ரஷ்யாவில் அடைபட்டிருந்த ஓர் அமெரிக்கப் பள்ளி ஆசிரியருக்கு மாற்றாக அனுப்பிவைத்தார்கள். காசு தொலைத்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திவால் சட்டத்தின் கூத்துதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. காயின் ஒன்றுக்கு 50,058 யென், அதாவது சுமார் 483 டாலர் என்று 2014 விலையிலேயே பாக்கியைப் பூட்டிவிட்டார்கள். 2017ல் பிட்காயின் 19,000 டாலரைத் தொட்டது. கிடைத்த 2 லட்சத்தில் ஒரு சிறு பகுதியை விற்றாலே அத்தனை பேர் பாக்கியும் தீர்ந்துவிடும், மிச்சம் யாருக்கு? சட்டப்படி பங்குதாரருக்கு. பெரிய பங்குதாரர் கார்பெலஸ்! தனக்கு அந்தப் பணம் வேண்டாம் என்று அவரே எழுதினார். 2018 ஜூனில் வழக்கை மறுசீரமைப்பு என்று வேறு தடத்துக்கு மாற்றித்தான் அந்த அபத்தத்தைத் தவிர்த்தார்கள்.

‘இது சந்தையின் தப்பு, பிட்காயினின் தப்பில்லை, சாவியை நீயே வைத்துக்கொள்’ என்பார்கள் அன்பர்கள். வைத்துக்கொண்டார்கள். வேல்ஸில் நியூபோர்ட் நகரத்தில் ஒருவரின் 8,000 பிட்காயின் சாவி இருந்த ஹார்ட் டிஸ்க் 2013ல் குப்பைக்கிடங்குக்குப் போய்விட்டது. தோண்டிப் பார்க்கிறேன் என்று பத்து வருடத்துக்கு மேல் நகராட்சியோடு மல்லுக்கட்டினார். 2025 ஜனவரியில் நீதிமன்றமும் கதவைச் சாத்திவிட்டது.

2024 ஜூலையில், பத்து வருடம் கழித்து, மவுண்ட் காக்ஸ் ஆட்களுக்குக் காயின் திரும்ப வரத் தொடங்கியது. நினைத்த நாளில் விற்கவே முடியாததால் பணக்காரர் ஆன ஒரே முதலீட்டாளர் கூட்டம் இதுவாகத்தான் இருக்கும். பத்திரமாகப் பட்டுவாடா செய்யும் பொறுப்பு சில சந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதில் ஒன்று கிராக்கன்.

அதே ஜூலை 18ஆம் தேதி இந்தியாவின் வஸீர்எக்ஸ் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ களவு போனது. கணக்குகள் முடங்கின, விவகாரம் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் போனது, 2025 அக்டோபரில்தான் சந்தை மறுபடி திறந்தது. இருந்ததைப் பகிர்ந்து கொடுத்தார்கள். குறைந்ததற்கு ஈடாக, ‘மீட்பு டோக்கன்’ என்று புதிதாக ஒரு டோக்கன் கொடுத்தார்கள்.