சோப்பின் மேல் ரோஜா

வசிஷ்ட நதியில் மணல் லாரி ஓடிப் பார்த்திருக்கிறேன். படகு ஓடிப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஆத்தூர்க்காரனான என்னிடம் போன வருஷம் ஒரு படகு வேலை வந்து சேர்ந்தது.

அக்கா மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். வாடகை கட்டி மாளாமல் 7 அடி அகலப் படகு ஒன்றை வாங்கி, கால்வாயிலேயே குடித்தனம். லீவில் வந்தவன் சூட்கேஸைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு தகரக் கேனை எடுத்தான். மூடி, கைப்பிடி, நீண்ட மூக்கு. பெயர் பக்பி கேன். நார்தாம்ப்டன்ஷயரில் கிராண்ட் யூனியன் கால்வாயோரம் லாங் பக்பி என்றொரு ஊர். பெயர் அங்கிருந்து வந்தது. சரக்குப் படகிலேயே பிள்ளைகுட்டியோடு வாழ்ந்தவர்கள் குடிதண்ணீரை இதில் பிடித்துக் கூரைமேல் வைத்துக்கொள்வார்களாம். கேன்மேல் ரோஜாவும் கோட்டையும் வரைவது அவர்கள் வழக்கம்.

"அங்க வரையக் கேட்டா சொத்தையே எழுதி வாங்கிருவாங்க மாமா. நீங்கதான் பெயின்டராச்சே, போட்டுக் குடுங்க."

நான் பெயின்டர் இல்லை, பெயின்டருக்கு எடுபிடி. அதுவும் 1970களில், பள்ளி லீவு நாட்களில், கடைவீதி போர்டு கடையில். கல்யாண சீர் வாளிக்கு இனிஷியல் எழுதுவோம். டிரங்குப் பெட்டிக்குத் தாமரை போடுவோம். எழுத்துக்குத்தான் காசு, பூ இனாம்.

வாளி கொண்டுவருகிறவர்களிடம் பெயின்டர் அண்ணன் முதலில் கேட்பது, "எப்ப வாங்கினது?" நேற்று வாங்கியது என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். "ஒரு மழைக்காலம் வெளிய போட்டு எடுத்துட்டு வாங்க." கல்யாணம் அடுத்த வாரம் என்று கெஞ்சினால்தான் மனசு இளகும். அப்போதும் வாளிக்கு முதலில் அரப்புக் குளியல். எண்ணெய் தேய்த்த தலை மாதிரி தேய்த்துக் கழுவ வேண்டியது நான். பிறகு புளித்தண்ணீர், பிறகு வெயில், கடைசியில் உப்புத்தாள். கற்கண்டு உடைத்தது போல மினுங்கும் தகடு சாம்பல் பூத்து மங்கும் வரை பிரஷ்ஷைத் தொட விடமாட்டார். நான் அவரைக் கிறுக்கர் என்றே நினைத்திருந்தேன்.

அவர் காரணம் சொன்னதில்லை. பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். இரும்பை 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் கால்வனைஸ். புதுத் துத்தநாகத்தின்மேல் நேராக எனாமல் அடித்தால், பெயின்ட்டிலுள்ள எண்ணெய் ஈரத்தோடு அதனுடன் கூடி ஒருவித சோப்பாகிவிடும். சோப்பின்மேல் எது நிற்கும்? வெயில் மழையில் கிடந்த தகட்டில் துத்தநாகம் வேறொரு படலமாக மாறியிருக்கும். அது பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் என்று அண்ணன் சொன்னது பஞ்சாங்கம் இல்லை, ரசாயனம்.

வாளியைப் போல மருமகனின் கேனும் கால்வனைஸ்தான். இப்போது மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம். கால்வனைஸுக்கென்றே எட்ச் பிரைமர் டப்பாவில் வருகிறது. டப்பாமேல், முதலில் எண்ணெய்ப் பசை போகக் கழுவு என்று எழுதியிருக்கிறது. கண்ணாடி போட்டு நானே படித்தேன். ஆனால் மருமகனுக்கு நாலாம் நாள் விமானம். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அதன்மேல் பிரைமர். என் வாழ்நாளிலேயே அண்ணன் சொல்லை நான் மீறியது அன்றுதான். அவர் உயிரோடு இல்லை என்ற தைரியம்.

ரோஜா சுமாராக வந்தது. கோட்டைக்குத்தான் திண்டாட்டம். ஐரோப்பியக் கோட்டையை நான் எங்கே கண்டேன்? கெட்டி முதலிகள் கட்டியதாகச் சொல்லும் எங்கள் ஆத்தூர்க் கோட்டையையே, ஆற்றங்கரையோடு வரைந்துவிட்டேன். 1792இல் திப்புவிடமிருந்து சேலம் சீமையோடு வெள்ளைக்காரன் வாங்கிக்கொண்ட கோட்டை. அவன் ஊர்க் கால்வாயில் அது மிதக்கப் போகிறது என்று ஒரு அற்ப சந்தோஷம். ஆற்றில் தண்ணீரும் வரைந்தேன். படம்தானே.

கேனில் தண்ணீர் பிடிக்கிறாயா என்று போனில் கேட்டேன். சிரித்தான். படகில் தொட்டியும் குழாயும் இருக்கிறது, கேன் சும்மா அழகுக்காம். எங்கள் காலத்தில் அழகு வாளியோடு இனாமாக வந்தது.

ஆறு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ரோஜா வெங்காயத் தோல் மாதிரி முழுசாக உரிந்துவிட்டது. கோட்டை பாதி நிற்கிறது. ஆத்தூரிலும் அது அவ்வளவுதான் நிற்கிறது.

அண்ணன் எழுதிய சீர் வாளி ஒன்று எங்கள் மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. அக்காவின் இனிஷியல் அப்படியே இருக்கிறது. அடிதான் இற்றுப்போய்விட்டது.