கைடு கையெழுத்துப் போடும் வரை

கே: போன வாரம் 'நல்லா இருக்கு' என்ற அதே அத்தியாயத்தை இந்த வாரம் 'இதை யார் எழுதச் சொன்னது?' என்கிறார் என் கைடு. எதை நம்புவது?
– எம்.ஏ. மாணவி, திருச்சி

ப: இரண்டையும் நம்புங்கள். போன வாரம் அவர் பார்த்தது உங்கள் முகத்தை; இந்த வாரம்தான் அத்தியாயத்தைப் பார்த்திருக்கிறார். இனி ஒவ்வொரு சந்திப்பும் முடிந்ததும், அவர் சொன்ன திருத்தங்களை அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். 'நீங்கள்தான் ஐயா' என்று சொல்லாமல் சொல்ல வேறு வழியில்லை.

கே: ஆய்வேட்டைச் சோதித்ததில் பிறர் எழுத்தோடு 38 சதவீதம் ஒத்துப்போகிறதாம். நான் பல தேர்வுகளில் இவ்வளவு வாங்கியதே இல்லை!
– எம்.எஸ்சி. மாணவர், கோவை

ப: இந்த ஒரு தேர்வில் மார்க் குறைந்தால்தான் பாஸ். யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால், 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. துணைநூற்பட்டியலும் முன்னுரையும் நன்றியுரையும் இந்தக் கணக்கில் சேரா. எல்லா ஆய்வேடுகளிலும் நன்றியுரை ஒரே மாதிரி இருப்பதற்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கே: நூலகத்தில் இருந்ததை விட ஜெராக்ஸ் கடையில் நின்ற நேரம்தான் அதிகம். இதுவும் படிப்பில் சேருமா?
– எம்.காம். மாணவர், மதுரை

ப: தாராளமாகச் சேரும். ஜெராக்ஸ் நமக்குக் கிடைத்ததே ஒரு மாணவரின் கைவலியால்தான். அமெரிக்காவின் செஸ்டர் கார்ல்சன் பகலில் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்து, இரவில் சட்டம் படித்தவர். புத்தகம் வாங்கக் காசில்லாமல் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதினார். கை வலித்தவருக்கு யோசனை பிறந்தது. 1938 அக்டோபர் 22 அன்று முதல் நகலை எடுத்தார். நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கியும் யாரும் சீந்தவில்லை. நன்றாக விற்ற முதல் இயந்திரம் வந்தது 1959-இல். நீங்கள் வரிசையில் நிற்பது அரைமணி. அவர் காத்திருந்தது 21 வருடம். நகல் எடுத்ததைப் படித்தும்விட்டால் அவர் ஆன்மா மகிழும்.

கே: தமிழில் தட்டிய ஆய்வேட்டை பைண்டிங் கடைக் கணினியில் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது!
– தமிழ் இலக்கிய மாணவி, தஞ்சாவூர்

ப: உங்கள் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. பழைய எழுத்துருக்கள்தான் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஒருங்குறிக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். தங்க எழுத்து அட்டைக்குள் கட்டம் இருந்தால், அதை ஆய்வேடு என்று சொல்ல மாட்டார்கள், ஜாதகம் என்பார்கள்.

கே: வைவாவில் பதில் தெரியாவிட்டால் 'நல்ல கேள்வி ஐயா' என்று சமாளிக்கலாமா?
– எம்.எஸ்.டபிள்யூ. மாணவர், சேலம்

ப: ஒருமுறை சொல்லலாம். மூன்றாம் முறையும் சொன்னால், இங்கே நல்லது கேள்வி மட்டும்தான் என்பது வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்குப் புரிந்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மன்னிப்பார்கள். உங்கள் ஆய்வேட்டின் 42-ஆம் பக்கத்தில் இருப்பதையே தெரியாது என்றால், எழுதியது யார் என்று விசாரிப்பார்கள்.

கே: 'அடுத்து எம்.ஃபில்.தானே?' என்று மாமா பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.
– எம்.ஏ. மாணவி, நெல்லை

ப: அந்தப் படிப்பையே யுஜிசி 2022 விதிகளில் நிறுத்திவிட்டது என்று சொல்லுங்கள். முதுகலை முடித்தவர் நேரே பிஎச்.டி.க்குப் போகலாம். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. தொகையைச் சொன்ன பிறகு மாமா கேள்வியை மாற்றிவிடுவார்: 'மாப்பிள்ளை பார்க்கலாமா?'

கே: கடைசித் தேர்வு எழுதிய இரவே ஊருக்கு ரயில் ஏறலாமா?
– விடுதி மாணவர், காரைக்குடி

ப: நோ டியூஸ் படிவத்தில் எல்லாக் கையெழுத்தும் விழுந்த பிறகு ஏறுங்கள். நூலகப் புத்தகம் நண்பனின் நண்பனிடம் இருக்கும். மெஸ் பாக்கி மறந்தே போயிருக்கும். இரண்டும் தீராமல் டி.சி. வராது. அது வந்ததும் பெயரின் எழுத்தையும் பிறந்த தேதியையும் கவுண்டரிலேயே சரிபாருங்கள். அங்கே திருத்த ஐந்து நிமிடம். ஊருக்குப் போய்விட்டுத் திருத்துவதற்குள் இன்னொரு முதுகலை படித்துவிடலாம்.