பேயை விரட்டிய பேயரசன்

கேள்வி: பண்டைய மெசொப்பொத்தேமியாவில் தீய தெய்வத்தின் உருவத்தையே தாயத்தாக அணிந்தார்களாமே, ஏன்?

பதில்: முள்ளை முள்ளால் எடுக்கத்தான்! வானக் கடவுள் அனுவின் மகள் லமாஷ்டு. சிங்கத் தலையும் பறவைக் கால்களும் கொண்ட இவள் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் குறிவைப்பவள். மற்ற பேய்கள் தெய்வங்களின் ஏவலால் தீங்கு செய்தன. இவளோ தன் விருப்பப்படி செய்தாள். இவளைப் பாதாளத்துக்குத் துரத்த வல்லவன் பசூசு. ஹன்பியின் மகனான இவன், தீய காற்றுப் பேய்களுக்கு அரசன். பிள்ளையைக் காக்கப் பேயரசனையே காவலுக்கு அமர்த்தினார்கள் தாய்மார்கள். கி.மு. முதல் ஆயிரமாண்டில் பசூசுவின் தலையுருவைத் தாயத்தாக அணிந்தார்கள், வீட்டிலும் வைத்தார்கள். நான்கு இறக்கைகளோடும் தேள் வாலோடும் நிற்கும் அவனது வெண்கலச் சிலை ஒன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.