இரவோடு இரவாகக் கூடும் குழு

சேலத்தில் தொடங்கி நாமக்கல், திருச்செங்கோடு, பள்ளிபாளையம் வரை நீளும் நம் சமவெளியில் ஒரு குழு இயங்குகிறது. அதற்கு அரசாணை கிடையாது, மானியம் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. உறுப்பினர்கள் யாரும் சம்பளம் வாங்குவதில்லை. சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். தன்மேல் ஒருவன் கை வைத்தான் என்று ஒரு பெண் வாய் திறந்தால், பொழுது விடிவதற்குள் கூடி, பேசி, முடித்தும் விடுகிறார்கள். இத்தனை ஒற்றுமையும் வேகமும் உள்ள இன்னொரு தன்னார்வக் குழுவை இந்தப் பக்கம் காட்டுவது கடினம். அவர்களைப் பற்றி ஒரு பாராட்டுக்கூட இதுவரை அச்சில் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஒரு நூற்பாலை விடுதியை எடுத்துக்கொள்வோம். எந்த ஆலை என்பது முக்கியமில்லை. தருமபுரிப் பக்கமிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பத்தொன்பது வயதுப் பெண். ராத்திரி ஷிப்டில் சூப்பர்வைசர் செய்ததை வார்டனிடம் சொல்கிறாள். வார்டன் முதல் வேலையாக அவள் செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார். பதற்றத்தில் ஊருக்குப் பேசி, பெற்றவள் நெஞ்சு வெடித்துவிடக் கூடாதே என்ற அக்கறை. பிறகு அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்த ஏஜென்ட் வருகிறார். சூப்பர்வைசரின் தாய்மாமன் வருகிறார். முன்னாள் கவுன்சிலர் ஒருவரும், தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவரும் ஒரே வண்டியில் வந்து இறங்குகிறார்கள். மெஸ்ஸுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்படுகின்றன. டீ வருகிறது. பெண்ணுக்கு நாற்காலி இல்லை, நிற்கிறாள். சூப்பர்வைசர் வரவில்லை. அவர் ஷிப்டில் இருக்கிறார், உற்பத்தி நிற்கக் கூடாது.

"ஏங்கண்ணு, நாளைக்கு உனக்கும் ஒரு கல்யாணம் காட்சி ஆகோணுமில்ல?" என்று தொடங்குகிறார் ஒரு பெரியவர். அவளுடைய தகப்பன் பெயரைக்கூட அவர் கேட்டதில்லை. அவள் கல்யாணத்தைப் பற்றி மட்டும் அத்தனை கவலை. "அவனும் ரெண்டு பொம்பளப் புள்ளைய வெச்சிருக்கான் பாப்பா, பொழப்புல மண்ணைப் போட்றாத" என்கிறார் இன்னொருவர். குற்றம் சாட்டப்பட்டவனின் குழந்தைகள், மானம், வேலை, இ.எம்.ஐ. அனைத்தும் அன்றிரவு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவ்வளவு விரிவான கருணை எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது. "சரிங்க, நான் எதுக்குங்க போகோணும்?" என்று அவள் கேட்கும்போது மட்டும் யாரிடமும் பதில் இல்லை. விடிகாலையில் நிலுவைச் சம்பளமும் மேலே கொஞ்சமும் வெள்ளைக் கவரில் வருகின்றன. சேலம் புது பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ்ஸில் ஏற்றிவிடும்வரை ஏஜென்ட் கூடவே நிற்கிறார். டிக்கெட்டும் அவரே எடுக்கிறார்.

விசாரணையை முடிக்கப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் தரும் அவகாசம் 90 நாள். இவர்களுக்கு ஒரு ராத்திரி போதும்.

அந்தச் சட்டம் 2013இல் வந்தது. அதற்குக் காரணமானவர் ராஜஸ்தானின் பன்வாரி தேவி. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன கிராமப் பணியாளர். அதற்காகவே 1992இல் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். அதையொட்டி எழுந்த விசாகா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. சட்டமாக மாற இன்னும் பதினாறு ஆண்டுகள் பிடித்தன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் ஒவ்வொன்றிலும் உள்ளகப் புகார்க் குழு வேண்டும், தலைமைக்கு ஒரு பெண் வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், தொண்டு நிறுவனத்திலிருந்தோ இந்த விவகாரம் தெரிந்தவர்களிலிருந்தோ வெளியாள் ஒருவர் வேண்டும் என்கிறது அது. அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். சமரசம் என்றால் அந்தப் பெண்ணே கேட்டிருக்க வேண்டும், பணம் அதற்கு அடிப்படையாகவே இருக்கக் கூடாது என்று 10ஆம் பிரிவு பச்சையாகச் சொல்கிறது. வெள்ளைக் கவர் அந்தப் பிரிவுக்கு நேர் எதிரே மேஜையில் கிடக்கிறது.

அதே ஆலையில் சட்டப்படியான குழுவும் உண்டு. அதையும் பாராட்டாமல் விட முடியாது. மேனேஜர் அறைக்குப் பக்கத்தில் பளபளவென்று பலகை. தலைவராக முதலாளி வீட்டுப் பெண்மணி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடியதாகப் பதிவேடு சொல்கிறது. கையெழுத்துகள் ஒரே மையில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. ரகசியம் காப்பது இந்தச் சட்டத்தின் உயிர்நாடி. உறுப்பினர்கள் யார் யார் என்பதுகூட ரீலிங் பிரிவுப் பெண்களுக்குத் தெரியாத அளவுக்கு இங்கே ரகசியம் காக்கப்படுகிறது. ஆண்டறிக்கையில் 'பெறப்பட்ட புகார்கள்: இல்லை'. போன ஆண்டும் இல்லை, அதற்கு முந்திய ஆண்டும் இல்லை. இந்த 'இல்லை' சும்மா வந்ததல்ல. மெஸ்ஸுக்குப் பின்னால் தூக்கம் கெட்டு உட்கார்ந்தவர்களின் கூட்டுழைப்பு அது. பகல் குழுவின் பெயரை இரவுக் குழு காப்பாற்றுகிறது. என் கோபமெல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல்தான். அதற்குள் எத்தனை பெண்களின் வேலையும் படிப்பும் தூக்கமும் போயிருக்கும்?

பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர் புகார்க் குழு. முதலாளியே குற்றவாளி என்றாலும் அங்கேதான் போக வேண்டும். குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிப்பட்டறைகள், செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் கதி. புகார் தர மூன்று மாதக் கெடு, காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். தார் சுற்றும் பெண்ணிடம் அந்தக் குழு எங்கே உட்காருகிறது என்று கேட்டுப் பாருங்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பட்டறைக்காரரிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு பாக்கி என்பதுதான். கடனைத் தீர்க்காமல் அவளால் பட்டறையை மாற்றவும் முடியாது, வாயைத் திறக்கவும் முடியாது.

இந்த மண்ணில் வாயைத் திறக்கத் துணை நின்றவருக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிபாளையத்தில் கந்துவட்டிக் கும்பலின் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் பக்கம் நின்றார் மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்த வேலுச்சாமி. 2010இல் அவரை வெட்டிக் கொன்றார்கள். அவரும் சம்பளம் வாங்காத தொண்டர்தான். இரவுக் குழு உறுப்பினர்கள் இன்றும் சுகமாக இருக்கிறார்கள், கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்கிறார்கள்.

குழந்தைகள் விஷயத்திலும் இவர்கள் பின்தங்கியதில்லை. போக்சோ சட்டத்தின்படி தெரிந்தவுடன் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். ஆனாலும் பள்ளியின் பெயர் கெடக் கூடாது என்று பெற்றோரை அழைத்துப் பேச ஆள் தயாராகவே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வடக்கே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாமில் சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரே கைதானார்கள். அந்தக் கைதுக்குப் பிறகாவது குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐப் பள்ளிச் சுவரில் எழுதியவர்களுக்கு நன்றி. அந்த எண்ணுக்குக் கூப்பிட்ட ஆசிரியை அதே பள்ளியில் நிம்மதியாக வேலை பார்க்கவும் முடிந்தால் நன்றி முழுமையாகும்.

தெற்கே திண்டுக்கல்லில் வேறு மாதிரி ஒன்று நடந்தது. 2021 ஜனவரியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் சூப்பர்வைசர். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. அங்கே துணி வாங்கும் ஹெச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் தனியே கையெழுத்திட்டன. ஆலை மீறினால் ஆர்டர் குறையும் என்ற பிடி அதில் இருந்தது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள், 25 பேருக்கு ஒருவர். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் சொன்னால் போதும், மேனேஜர் அறை வாசலுக்குப் போக வேண்டியதில்லை. விளைவு, முதல் ஆண்டிலேயே 185 முறையீடுகள். அவற்றில் பெரும்பாலானவை தீர்க்கவும்பட்டன.

நம் சமவெளி ஆலைகளின் கணக்கில் பார்த்தால் திண்டுக்கல்லுக்குப் பெரிய அவமானம். அங்கே 185, இங்கே 'இல்லை'. இங்குள்ள ஒரே ஒரு ஆலையில் அந்த எண்ணில் பாதி எழுதப்பட்டாலும் மெஸ்ஸுக்குப் பின்னால் நாற்காலி போட ஆள் தேவைப்படாது. கவுன்சிலரும் தாய்மாமனும் ராத்திரி நேரத்தோடு தூங்கலாம். முதல் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தால், அது சூப்பர்வைசருக்கு.