கருகமணியும் காரும்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, நிக்காஹ். பள்ளிவாசல் தப்தரில் லெப்பை எழுதினார்: மஹர் ரூபாய் 101, கைக்கூலி ரூபாய் 5,000, நகை 15 பவுன். மஹர், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது, மார்க்கக் கடமை. கைக்கூலி, பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளைக்கு அழுவது, மார்க்கத்தில் இல்லாதது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்துக்கே இந்த வித்தியாசம் தெரியும். மஹர் வரதட்சணை ஆகாது என்று அது விலக்கி வைத்திருக்கிறது. எங்கள் தப்தரில் இரண்டும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தன. கைக்கூலியில் பள்ளிவாசலுக்கும் ஒரு பங்கு உண்டென்பதால் அந்தத் தொகையை மட்டும் இரண்டு தடவை உரக்கப் படித்தார்கள். 101 ரூபாய்க்கு எதிரே 'கடன்' என்று குறித்தார்கள்.

வீட்டுக்குள் பெண்கள் ராஜ்ஜியம். மஞ்சள் பூசி, குலவையிட்டு, ஆலத்தி சுற்றினார்கள். மாமியார் வந்து ராத்தாவின் கழுத்தில் எங்கள் தாலியான கருகமணியைக் கட்டினார்.

பிறகு கேசட் பயான்கள் வந்தன. குர்ஆனிலும் ஹதீஸிலும் இல்லாத சடங்கெல்லாம் ஒழியட்டும் என்றார்கள். நியாயந்தான். முதலில் ஆலத்தி போயிற்று. அப்புறம் மஞ்சள், குலவை, கருகமணி. எல்லாம் சேர்த்தாலும் நூறு ரூபாய் பெறாத பெண்கள் சமாச்சாரம். அதே பயான்களில் கைக்கூலியையும் வெளுத்து வாங்கினார்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த மாப்பிள்ளைகளும் உண்டு. எங்கள் சொந்தத்தில் மட்டும் அந்த இடம் வரும்போது டேப் சிக்கிக்கொள்ளும்.

போன வருஷம் ராத்தாவின் பேத்திக்குச் சம்பந்தம் பேசினோம். "கைக்கூலின்னு ஒரு பைசா வேண்டாம் மச்சான். உங்க புள்ளைக்கு நீங்க செய்யிறதைச் செய்யுங்க" என்றார் சம்பந்தி. செய்தோம்: 60 பவுன், ஒரு கார். புள்ளைக்குச் செய்த காரின் ஆர்.சி. புத்தகத்தில் மாப்பிள்ளை பெயர். மாப்பிள்ளை கொடுக்க வேண்டிய வலீமா விருந்துக்கு மண்டப வாடகையும் எங்கள் கணக்கில்தான். அழைப்பிதழில் பச்சை மையில் 'நபிவழித் திருமணம்'.

அன்று சம்பந்தப் பேச்செல்லாம் முடிந்து ஃபாத்திஹா ஓதப் போகும்போது பேத்தி உள்ளிருந்து சொல்லியனுப்பினாள்: மஹர் 10 பவுன், கடன் கிடையாது, நிக்காஹ் அன்றே கையில் வரவேண்டும். மனமுவந்து கொடுங்கள் என்று சூரா அந்நிஸாவின் நாலாவது வசனம் சொல்கிறதாம்.

மாப்பிள்ளையின் பெரியத்தா திகைத்துப்போனார். இளவயதில் வீடுவீடாகப் போய்க் கருகமணியைக் கழற்றச் சொன்ன மனிதர். "அதெல்லாம் நம்ம ஊர் வழக்கத்துல இல்லையேம்மா" என்றார்.

"அதான் பெரியத்தா கேக்குறேன்" என்று பதில் வந்தது.

ஒரு மணி நேரப் பேரத்துக்குப் பிறகு 3 பவுனில் முடிந்தது. காருக்கு யாரும் பேரம் பேசியதாக எனக்கு நினைவில்லை.